முதல் ஊசிக்கு முன்னால் கண்ணைப் பாருங்கள்

"நல்லாத்தான் தெரிஞ்சுது, இன்சுலின் ஆரம்பிச்ச ஆறே மாசத்துல கண்ணு மங்கிடுச்சு." இந்தப் பேச்சைக் கேட்டே ஊசியைத் தள்ளிப்போடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இதை வெறும் வதந்தி என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை சர்க்கரை நோயாளிகள் 1,441 பேரிடம் நடந்த டிசிசிடி ஆய்வு 1993-ல் வெளியானது. சர்க்கரையை இன்சுலினால் இறுக்கிப் பிடித்தவர்களில், பாதிப்பே இல்லாமல் தொடங்கியோருக்கு விழித்திரை நோய் வரும் ஆபத்து 76 சதவீதம் குறைந்தது. டாக்டர்கள் அடிக்கடி சொல்வது இந்தக் கணக்கைத்தான். அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. முதல் ஓராண்டுக்குள், சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களில் 13.1 சதவீதம் பேருக்கு விழித்திரை முன்பைவிட மோசமானது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் அது 7.6 சதவீதம். பலருக்கு ஒன்றரை ஆண்டில் அது தேறியது. நீண்ட காலத்தில் ஜெயித்தது இறுக்கிப் பிடித்த இன்சுலின் சிகிச்சைதான்.

வருடக்கணக்கில் ஏறிக்கிடந்த சர்க்கரை சடாரென்று இறங்கும்போது, ஏற்கெனவே நைந்துபோன விழித்திரைதான் தடுமாறுகிறது. உடல் எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இப்படி நடப்பதுண்டு. இரண்டாம் வகை நோயாளிக்கு இங்கே ஊசி வருவது பெரும்பாலும் மாத்திரைகள் எல்லாம் தோற்ற பிறகு. அதற்குள் பலருக்குக் கண் கெட்டிருக்கும். பழி ஊசிமேல் விழுகிறது.

என்னை உறுத்துவது, அந்தக் கண்ணை முன்கூட்டியே யாரும் பார்ப்பதில்லை என்பதுதான். விழித்திரைச் சோதனைக்குச் சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பா விரியும்வரை அரைமணி நேரம் கண்ணை மூடி உட்கார வேண்டும். பிறகு சில மணி நேரம் வெயில் கூசும், பேப்பர் படிக்க முடியாது. தொல்லை அவ்வளவுதான். எதிர்ச்சுவர் காலண்டரில் ராகுகாலம்வரை படிக்கிறவரின் விழித்திரைப் படத்தில்கூடச் சிவப்புப் புள்ளிகளும் மஞ்சள் படிவங்களும் இருக்கலாம்.

கண் டாக்டரிடம் அனுப்பினால் நோயாளி ஊசிக்கே திரும்ப மாட்டார் என்ற வாதமும் உண்டு. ஊசி காத்திருக்க முடியாதென்றால் அதே வாரத்தில் கண்ணையும் பார்த்துவிடலாமே!

ஊசி தொடங்கிய முதல் சில வாரங்களில் வரும் மங்கல் பெரும்பாலும் கண் லென்ஸில் நீரளவு மாறுவதால் வருவது. தானே சரியாகும், அவசரப்பட்டுக் கண்ணாடி மாற்ற வேண்டாம். ஆனால் சோதனையில் பாதிப்பு தெரிந்தவர்கள் முதல் ஓராண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்ட வேண்டும். இடைப்பட்ட நாட்களில் கரும்புள்ளி மிதந்தாலோ திரை விழுந்தாற்போல மறைத்தாலோ, இன்சுலினை நிறுத்தாமல் அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். லேசரும் கண்ணுக்குள் போடும் ஊசியும் நேரத்தோடு போனவர்களுக்குத்தான் முழுப் பலன் தரும்.