நாக்கு வளரும் காலம் – 19: செப்டம்பருக்கு முந்திய பிள்ளைகள்

போன வாரம் சேனையும் தேனும். ஒரு வயது முடியும்வரை தேன் ஆகாது, காய்ச்சினாலும் அதில் இருக்கக்கூடிய கிருமியின் வித்து சாகாது என்று எழுதியாயிற்று, திரும்பச் சொல்வதற்கில்லை. இந்த வாரம் டீயும் பிஸ்கட்டும் என்று கடைசி வரியில் வாக்குக் கொடுத்திருந்தேன். திங்கட்கிழமை ராத்திரி வரைக்கும் அந்த எண்ணத்தில்தான் இருந்தேன், சத்தியமாக. பிறகு ஒரு ஆய்வுக் கட்டுரைக்குள் விழுந்தேன், இன்னும் எழுந்தபாடில்லை. ஆசிரியர் குழுத் தம்பி வாட்ஸ்அப்பில் "அக்கா, பிஸ்கட் எங்கே?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். வரும் தம்பி. முதலில் லண்டன் வரைக்கும் போய்வந்துவிடுவோம்.

1940 ஜனவரி 8. இரண்டாம் உலக யுத்தம் தொடங்கி நாலு மாதம். பிரிட்டனில் வெண்ணெய்க்கும் பன்றி இறைச்சிக்கும் சீனிக்கும் அன்றைக்குத்தான் ரேஷன் வந்தது. மிட்டாய், சாக்லேட்டுக்கு 1942 ஜூலையில் வந்தது. அளவு அவ்வப்போது கூடும், குறையும். சீனிக்குப் பெரும்பாலும் தலைக்கு வாரம் எட்டு அவுன்ஸ். நம் கணக்கில் 227 கிராம்.

எனக்கு ஒரு எண்ணைக் கண்டால் கையில் எடுத்துப் பார்த்தாக வேண்டும். எங்கள் தெருமுனை பலசரக்குக் கடையில் எலக்ட்ரானிக் தராசில் போட்டுக் காட்டச் சொன்னேன். "227-ஆ? கால் கிலோவா வாங்கிக்கிடுங்க அக்கா" என்றார் கடைக்காரர். விடவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து காப்பி டம்ளரில் கொட்டினால், டம்ளர் தலைதட்டி நிறைந்து மேற்கொண்டு ஒரு கைப்பிடி இருந்தது. ஒரு ஆளுக்கு ஏழு நாளைக்கு இவ்வளவுதான். வீட்டில் போடுகிற டீக்கும் கேக்குக்கும் எல்லாம் இதிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் வீட்டுக் கணக்கையும் போட்டேன். நாலு பெரியவர்கள், மாசம் ஐந்து கிலோ. நாள் ஒன்றுக்குத் தலைக்குக் கிட்டத்தட்ட 42 கிராம். யுத்தகால பிரிட்டனில் 32. இத்தனைக்கும் எங்கள் நாலு பேரில் ஒருவர் சர்க்கரை வியாதிக்காரர். சீனியை நான் தொடுவதே இல்லை என்பது அவர் தரும் வாக்குமூலம். அது நிஜமென்றால் மற்ற மூன்று பேரும் ஆளுக்கு 55 கிராமுக்கு மேல் தின்கிறோம். இந்தக் கணக்கை அவரிடம் காட்டினேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

யுத்தம் 1945-லேயே முடிந்தது. சீனி ரேஷன் முடியவில்லை. 1949 ஏப்ரலில் மிட்டாய்க்கு மட்டும் விலக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஊர் மொத்தமும் கடைகளுக்குப் படையெடுத்து, இருந்ததை எல்லாம் துடைத்து எடுத்துவிட்டது. நாலே மாதத்தில், ஆகஸ்டில், மறுபடி கூப்பன். மீண்டும் விடுதலை கிடைத்தது 1953 பிப்ரவரி 5-ந்தேதி. பிள்ளைகள் உண்டியலை உடைத்துக்கொண்டு கடை வாசலில் வரிசை கட்டினார்கள். கிளாப்ஹம் பக்கம் ஒரு நிறுவனம், மத்தியானம் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் 800 பிள்ளைகளுக்கு 150 பவுண்டு குச்சி மிட்டாயை இலவசமாகவே கொடுத்தது. கிட்டத்தட்ட 68 கிலோ. பத்து வயதுப் பையன் ஒருவன் அந்த வரிசையில் நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூப்பன் கிழிக்காமல் மிட்டாய் வாங்கலாம் என்பது அவனுக்கு 1949-ல் ஒரு நாலு மாதம் பார்த்த சங்கதி. சரி, மிட்டாய்க் கடையை விட்டு வெளியே வருவோம்.

செப்டம்பர் 1953-ல் சீனிக்கும் ரேஷன் போயிற்று. தலைக்கு நாளுக்கு ஏறக்குறைய 40 கிராமாக இருந்தது, கொஞ்ச காலத்துக்குள் 80-ஐத் தொட்டது. மற்ற உணவுப் பண்டங்களில் இந்தத் தாவல் இல்லை. நான் விழுந்து கிடக்கிற அந்த ஆய்வுக்கு உயிரே இங்கேதான். ஒரே தேசம், அதே ஆஸ்பத்திரிகள்; 1953 தொடக்கத்தில் பிறந்த பிள்ளைக்குக் கருவிலிருந்தே சீனி அளவோடு கிடைத்தது, 1955-ல் பிறந்த பிள்ளைக்குத் தாராளம். எந்த விஞ்ஞானியும் வேண்டுமென்றே இப்படி ஒரு சோதனை நடத்த முடியாது. நடத்தினால் உள்ளே தூக்கிப் போட்டுவிடுவார்கள். அரசாங்கம் தெரியாமல் நடத்திக்கொடுத்துவிட்டது.

டடேயா கிராக்னர், கிளேர் பூன், பால் கெர்ட்லர் என்று மூன்று பேர். மூவருமே பொருளாதாரக்காரர்கள், டாக்டர்கள் இல்லை. 1951 அக்டோபரிலிருந்து 1956 மார்ச் வரை பிறந்த அறுபதாயிரம் பேரின் மருத்துவ விவரங்களை 'யு.கே. பயோபேங்க்' தொகுப்பிலிருந்து எடுத்தார்கள். 2024 அக்டோபர் கடைசியில் 'சயின்ஸ்' இதழில் முடிவு வந்தது. கருவில் இருக்கும் ஒன்பது மாதமும் பிறந்த பிறகு இரண்டு வருஷமும் சேர்ந்த அந்த ஆயிரம் நாள் ரேஷன் காலத்தில் கழிந்தவர்களுக்கு, பிற்காலத்தில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம் குறைவு. ரத்தக் கொதிப்பு 20 சதவீதம் குறைவு. வந்தவர்களுக்கும் சர்க்கரை நாலு வருஷம் பிந்தி வந்திருக்கிறது, கொதிப்பு இரண்டு வருஷம் பிந்தி.

இதில் மூன்றில் ஒரு பங்கு நன்மை கருவில் இருந்தபோதே கிடைத்துவிட்டது. மீதியில் வலுவானது ஆறு மாதத்துக்குப் பிறகு கிடைத்தது. ஆறாம் மாதம் என்றால் நமக்கே தெரியும், சோறூட்டுகிற மாதம்.

குறை இல்லாத ஆய்வு உண்டா? எந்தப் பிள்ளை எந்த வீட்டில் எத்தனை கரண்டி தின்றது என்று யாரும் எழுதிவைக்கவில்லை; பிறந்த தேதியை வைத்துத்தான் கணக்கு. பயோபேங்கில் சேர்ந்தவர்களும் தாங்களாக முன்வந்தவர்கள். ஆனாலும் செப்டம்பருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அத்தனை பேரைக் கொண்டுவந்து நிறுத்தினால், அந்த ஒரு தேதிக்கு ஏதோ வேலை இருந்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

ராத்திரி ஒரு மணிக்கு என்னை உட்காரவைத்தது அந்த 35 சதவீதம் அல்ல. அந்தப் பதின்மூன்று வருஷமும் பிரிட்டனில் எந்த அம்மாவும் பிள்ளையிடம் "இனிப்பு கூடாது" என்று மல்லுக்கட்ட வேண்டியிருக்கவில்லை. கடையே தராது. மாமியார் கூடக் கொஞ்சம் போடு என்றால் சீனி டப்பாவைத் திறந்து காட்டினால் போதும். பச்சை அட்டை போட்ட ரேஷன் புத்தகம் ஒன்று உண்டு, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கும். அது இருந்தால் பாலும் முட்டையும் பழமும் மற்றவர்களுக்கு முந்திக் கிடைக்கும். இதைக் கொடு என்று சொன்னதும் அரசாங்கம், அதை விடு என்று சொன்னதும் அரசாங்கம். இன்றைக்கு அந்த ரேஷன் ஆபீசர் வேலை முழுவதையும் பெற்றவள் ஒருத்தி தலையில் கட்டியிருக்கிறோம். பெட்டிக்கடை, பிறந்தநாள் வீடு, பஸ்ஸில் பக்கத்து சீட்டு மாமா என்று எல்லாரும் எதிர்க்கட்சி. ஊசி போட்ட கையோடு மிட்டாய் நீட்டுகிற கிளினிக்கையும் பார்த்திருக்கிறேன்.

நம்மூர் ரேஷன் கடையையும் சொல்லிவிடுகிறேன், கேட்காமல் விடமாட்டீர்கள். தமிழ்நாட்டில் அரிசி கார்டுக்கு மாசம் தலைக்கு அரைக் கிலோ சீனி, கார்டுக்கு உச்சம் 2 கிலோ. அரிசி வேண்டாம் என்பவர்களுக்குச் சீனி கார்டு, அதில் இன்னும் 3 கிலோ. தலைக்கு அரைக் கிலோ என்பது பிரிட்டன் ரேஷனில் பாதிதான். ஆனால் அவர்களுக்கு ரேஷன் என்றால் அதற்கு மேல் கிடையாது. நமக்கு ரேஷன் போக மீதிக்குத் தெருமுனைக் கடை.

எங்கள் வீட்டு யுத்தத்துக்கு வருகிறேன். பேத்திக்குப் பதினாலு மாதம். மகளும் அவளும் மூன்று மாதமாக இங்கே. என் அம்மாவுக்கு வயது 81, பிள்ளைக்குப் பூட்டி. சீனி போடாத பாலைச் சின்ன எவர்சில்வர் டம்ளரில் மகள் ஆற்றுவதைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"சீனி போடாத பால எந்தப் பிள்ளைட்டி குடிக்கும்? வாயில்லாச் சீவன், அதப் போயி பட்டினி போடுதிய!"

பேத்தி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, மூக்கு உள்ளே போகிற அளவுக்குக் கவிழ்த்துக் குடித்தாள். பாதி சட்டையில், பாதி வயிற்றில். மேலுதட்டில் வெள்ளை மீசையோடு காலி டம்ளரைத் திருப்பிப் பூட்டியிடமே நீட்டினாள், இன்னும் வேண்டுமாம். அம்மாவுக்கு வாயடைத்துப்போனது. அந்தப் பிள்ளைக்குப் பால் என்றால் அந்த ருசிதான். வேறு ருசி ஒன்று உண்டு என்று அதற்கு யாரும் இன்னும் சொல்லவில்லை. இனிப்பு என்றால் பிறந்த குழந்தையே சப்புக்கொட்டும், தாய்ப்பாலே இனிப்புத்தான். ஆசை பிறவியில் வருவது. பாலில் எத்தனை கரண்டி என்பது மட்டும் நாம் பழக்கிவிடுவது.

அடுத்த நாள் அம்மா வேறு வழியில் வந்தாள். "சீனிதான வேண்டாம், கருப்பட்டி போடுதேன்." வாசகர் கடிதங்களிலும் பாதிக்குப் பாதி இதே கேள்விதான். பனங்கற்கண்டு, நாட்டுச்சர்க்கரை, பேரீச்சம்பழச் சிரப் என்று பட்டியலே அனுப்புகிறார்கள். எல்லாம் சர்க்கரைதான், நிறம்தான் வேறு. கருப்பட்டி மேல் எனக்குக் கொள்ளை ஆசை. உடன்குடியிலிருந்து வரவழைத்துக் காப்பி குடிக்கிறவள் நான். அதற்காகப் பதினாலு மாதத்து நாக்குக்கு அது வேறு, இது வேறு என்று பொய் சொல்ல முடியுமா?

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதலும் இரண்டு வயது வரை தனியாக இனிப்புச் சேர்க்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2019-ல் ஜூஸுக்கு அளவு சொன்னது: இரண்டு வயது வரை வேண்டவே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை நாளுக்கு 125 மில்லி. அதுவும் பழத்தில் பிழிந்தது. டப்பாவில் பழம் படம் போட்டதெல்லாம் சேர்த்தி இல்லை. ஆரஞ்சைச் சுளையாகக் கொடுத்தால் பிள்ளை இரண்டு சுளையோடு தலையைத் திருப்பிக்கொள்ளும். பிழிந்தால் மூன்று பழம் ஒரு மடக்கில் போய்விடும்.

டீக்கும் அதே சங்கம் அளவு சொல்லியிருக்கிறது: ஐந்து வயதுக்குக் கீழே கிடையாது, ஐந்திலிருந்து ஒன்பது வரை அரைக் கப்புக்கு மேல் கூடாது. டீயில் இருக்கும் டானின், சோற்றில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும் என்பதும், டீயில் பிஸ்கட்டை முக்கிக் கொடுத்தால் பிள்ளை மத்தியானச் சோற்றுக்கு ஏன் வாயைத் திறப்பதில்லை என்பதும் பெரிய கதை. இடம் போதாது. அடுத்த வாரம், கட்டாயம்.

எழுதுவதற்காக வாங்கின பிஸ்கட் பாக்கெட் ஒன்று வீட்டில் இருந்தது. சனிக்கிழமை அதைப் பிரித்து எண்ணினேன், எடை போட்டேன், பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். பேத்தி கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் எவர்சில்வர் டப்பாவில் போட்டுப் பரண்மேல் ஏற்றினேன். பதினாலு இருந்தது. இன்று காலை படம் எடுக்கலாம் என்று இறக்கிப் பார்த்தால் ஒன்பது. பேத்திக்குப் பரண் எட்டாது. அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவள். மகள் பிஸ்கட் தின்று நான் பார்த்ததில்லை. போன மாதம் டெஸ்டில் 210 காட்டியவர் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார், விரித்த பேப்பர் முகத்தை முழுக்க மறைக்கிற மாதிரி.