சாவோ பாவுலோ நகரில் இரண்டு பகல்

முதுகில் ஒரு மூட்டையைச் சுமந்து, குறைந்த செலவில் தென் அமெரிக்கக் கண்டத்தைச் சுற்றிவரும் வாலிபர் பலர், பிரேஸில் தேசத்துச் சாவோ பாவுலோ நகரத்தை வண்டி மாறும் சந்தியாகவே கருதுகின்றனர். இகுவாசு நீர்வீழ்ச்சியைக் கண்டு வருவோர் இங்கே ஓரிரவு உறங்கி, ரியோ டி ஜெனீரோவின் கடற்கரைக்கு விரைந்துவிடுவர். அவர்களைக் குறைகூற வழியில்லை. 2022ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நகர எல்லைக்குள் மட்டும் 1 கோடியே 14 லட்சம் மக்கள் வாழும் இவ்வூரில், கண்டவுடன் மனத்தைக் கவரும் காட்சி அரிது; எத்திசை நோக்கினும் அடுக்குமாடிக் கட்டடங்களே. ஆயினும் இந்நகரம் வளர்ந்த வரலாற்றின் சுவடுகள் பெரும்பாலும் ஒரே மெட்ரோ இருப்புப்பாதையின் ஓரத்தில் கிடப்பதால், இரண்டு பகலிலே அதனை அறிந்து செல்லலாம் என்பது நம் கருத்து.

வெளியூர்ப் பஸ்கள் பெரும்பாலும் தியத்தே நிலையத்திற்கு வந்துசேரும். மூட்டையை அங்கேயே காப்பறையில் வைத்துவிட்டு, மெட்ரோவில் ஏறித் தெற்கு நோக்கிச் செல்லும் பிரயாணி முதலிற் கடப்பது தியத்தே ஆற்றை. கருத்து நாறும் அந்நீரைக் கண்டு முகஞ்சுளிப்போர் அதன் விந்தையை அறியார். கடலுக்கு மிக அருகே மலைமேல் தோன்றியும், இவ்வாறு கடலுக்குப் புறங்காட்டி, ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் உள்நாட்டிலே ஓடிப் பரனா நதியில் கலக்கின்றது. இந்தப் போக்கே ஊரின் தலையெழுத்தாயிற்று. பொன்னையும், அடிமைகளாக்கப் பூர்வகுடிகளையும் தேடிய கூட்டத்தார் இந்நகரிலிருந்தே உள்நாட்டிற் புகுந்தனர்; அவர்கள் சென்ற வழிகளுள் இவ்வாறும் ஒன்று.

அடுத்து லூஸ் நிலையம். உள்நாட்டிலே விளைந்த காப்பிக்கொட்டையைச் சாந்தோஸ் துறைமுகத்திற்கு இறக்கும்பொருட்டு, ஆங்கிலேயக் கம்பெனியார் செங்குத்தான மலைச்சரிவில் அமைத்த இருப்புப்பாதை 1867இல் திறக்கப்பட்டது. அதன் செல்வத்தால் எழுந்த இம்மாளிகை 1901இல் திறக்கப்பெற்றது. 1872இல் சுமார் 31,000 பேரே வாழ்ந்த சிற்றூர் மாநகரமானது காப்பியாலும் இந்த ரயிலாலுமே. பகலில் நிலையத்தை நன்கு பார்க்கலாம். இருட்டியபின் அதன் சுற்றுப்புறத்தில் உலாவுதல் தகாது. கைப்பேசியைத் தெருவில் ஏந்தி நிற்பவன் எவ்வேளையிலும் அதனை இழக்கக்கூடும்.

ஸே நிலையத்தில் இறங்கிச் சில நிமிஷம் நடந்தால், நம்மைப்போன்ற கல்லூரியினர்க்கு அனைத்திலும் இனிய இடம் வரும். 1554ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள், பவுல் அப்போஸ்தலர் மனந்திரும்பிய திருநாளில், இயேசு சபையார் இங்கே ஒரு பள்ளியைத் தொடங்கினர். ஊரின் பெயரும் அந்நாளால் வந்ததே. இத்துணைப் பெரிய நகரம் ஒரு பள்ளிக்கூடத்தைச் சுற்றி முளைத்ததென்பது நினைக்கத்தக்கதன்றோ? அங்கே போதித்த அஞ்சியேட்டா என்பவர் அப்போது இருபது வயதும் நிரம்பாதவர். அவர் துப்பி மக்களின் மொழியைக் கற்று இயற்றிய இலக்கணம் 1595இல் அச்சாயிற்று. அதே சபையினரான என்றீக் என்றீக்கஸ் பாதிரியார் 1578இல் கொல்லத்திலே தமிழை அச்சேற்றியதை இங்கே ஒப்புநோக்கலாம். தமிழ் தழைத்து நிற்கின்றது. துப்பியோ இந்நகரத்து வீதிகளின் பெயர்களாகவும் ஆறுகளின் பெயர்களாகவுமே பெரும்பாலும் எஞ்சியுள்ளது. இன்று காணும் கட்டடம் இருபதாம் நூற்றாண்டில் மீளக் கட்டியது. பழைய மண்சுவரின் ஒரு துண்டு மட்டும் உள்ளே காக்கப்படுகின்றது.

அடுத்த நிலையம் லிபர்தாதே. விடுதலை என்பது பொருள். சிவந்த விளக்குகள் தொங்கும் இத்தெருக்களை ஜப்பானியர் பேட்டையென்றே வழிகாட்டி நூல்கள் கூறும். ஜப்பானியர் வருமுன் இங்கே தூக்குமேடை நின்றது. அடிமைகளையும் தண்டனை பெற்றோரையும் புதைத்த மயானமும் அருகிருந்தது. கடைகளின் இடுக்கில் மறைந்துகிடக்கும் 'துயருற்றோர்' சிற்றாலயத்தைத் தேடிக் காணாமற் போவது பெருங்குறையாகும்.

பசித்தால் நிறுத்து விற்கும் உணவுச்சாலைகளை நாடுக. வேண்டியவற்றைத் தட்டில் தாமே இட்டுக்கொண்டு, தராசில் வைத்து எடைக்கேற்பப் பணம் கொடுக்கலாம். மொழியறியாதவனுக்கும் பணமில்லாதவனுக்கும் இதனினும் நல்ல ஏற்பாடு வேறில்லை. மறுநாள் ஞாயிறாயின், மோட்டார் வண்டிகளை விலக்கி நடப்போர்க்கு விடப்படும் பவுலிஸ்தா பெருவீதியில் காலைப்பொழுதைக் கழிக்கலாம். 1968இல் திறக்கப்பட்ட கலைக்கூடம் அங்கே 74 மீட்டர் இடைவெளிக்குத் தூணின்றி அந்தரத்தில் நிற்கின்றது. அதனை வரைந்தவர் லீனா போ பார்தி என்னும் பெண்மணி. அவரும் இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவரே.

பிற்பகலைக் குடியேறிகளின் பழைய சத்திரத்திற்கு ஒதுக்கவேண்டும். 1888இல் அடிமைமுறை ஒழிந்தது. காப்பித் தோட்ட முதலாளிகளுக்கோ ஆட்கள் வேண்டியிருந்தது. ஆகவே இத்தாலியரும் ஸ்பானியரும், 1908இல் 'கசாதோ மாரு' கப்பலில் வந்த 781 ஜப்பானியரும், பின்வந்தோரும் சாந்தோஸில் இறங்கி ரயிலேறி இங்கே வந்தனர்; சில நாள் இலவசமாக உண்டு உறங்கி, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தோட்டங்களுக்குப் பிரிந்தனர். 1887 முதல் 1978 வரையில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் இவ்வாறு தங்கிச் சென்றனர். எனவே மூட்டையோடு வந்து இரண்டொரு நாள் தங்குதல் இந்நகரத்தில் புதுவழக்கமன்று. கட்டடத்தின் ஒரு பாகம் இப்போது காட்சிசாலை. மற்றொரு பாகத்தில், வீடற்ற ஆடவர் நூற்றுக்கணக்கானோர் இரவுதோறும் உணவும் படுக்கையும் பெறுகின்றனர். பிறநாடுகளிலிருந்து அண்மையில் வந்த அகதிகளும் அவர்களிடையே உள்ளனர்.