விளம்பரப் போனுக்கும் வேலி உண்டு

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் கம்பெனி ஷிஃப்டையும் கழனியையும் சேர்த்துப் பார்க்கும் வீடுகளில் போனை அணைத்து வைக்க முடியாது. வியாபாரி கூப்பிடுவார், பால் சொசைட்டியிலிருந்து வரும். நடுவில் கடன், மனை, பயிர் டானிக் என்று பதிவுக்குரல் பேசினால், கட் பண்ணிட்டுப் போயிடுறோம். அதோடு விடக்கூடாது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், தனது 2018 விதிகளை 2025 பிப்ரவரியில் இறுக்கியது. விளம்பர அழைப்பு 140 என்று தொடங்கும் எண்ணிலிருந்துதான் வரவேண்டும். சாதாரண 10 இலக்க எண்ணில் வந்தால் விதிமீறல். விளம்பரமே வேண்டாமென்றால் 1909-க்குப் போன் போட்டுப் பதியுங்கள். மீறி வந்தால் 7 நாளுக்குள் அதே 1909-இல் புகார் செய்யலாம். வந்த எண், தேதி, பேசிய விஷயம் மூன்றையும் குறித்து வையுங்கள். சாதாரண எண்ணிலிருந்து வந்த விளம்பரத்துக்கு, முன்பே பதியாதவரும் புகார் தரலாம்.

10 நாளில் 5 புகார் சேர்ந்தால் அந்த எண் மீது நடவடிக்கை உண்டு. முதல் தடவை 15 நாள் வெளி அழைப்பு முடக்கம். திரும்பச் செய்தால் ஓராண்டுக்கு இணைப்பே துண்டிப்பு.

ஒருத்தர் புகார் செய்தால் ஒன்றுதான். அதே குரல் ஊரில் பலருக்கும் வந்திருக்கும். அடுத்த சங்கக் கூட்டத்தில் எண்ணை ஒப்பிட்டு, ஆளுக்கொரு புகார் போடுங்க. ஏமாந்து பணம் போயிருந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே 1930-ஐக் கூப்பிடுங்க.