ஊர்க்காரங்க சேர்ந்து கட்டுற நீச்சல் குளம்: நீங்க கொடுக்கிற 25,000 நன்கொடையா, பங்கா, டெபாசிட்டா?

சொந்த ஊர் கோவில்பட்டி, வேலை சென்னையிலோ பெங்களூருவிலோ என்று வைத்துக்கொள்ளுங்க. பள்ளிக்கூட நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மெசேஜ் வருது. "நம்ம ஊருக்கு நாமளே ஒரு நீச்சல் குளம் கட்டலாம். ஆளுக்கு 25,000. 300 பேர் சேர்ந்தா 75 லட்சம். எல்லாருக்கும் பங்கு உண்டு." கீழே ஒருத்தரோட யூபிஐ நம்பர்.

யோசனையில் தப்பே இல்லை. கரிசல் காட்டில் நீச்சல் பழகின இடம் கிணறுதான். டயர் ட்யூபைக் கட்டி மாமாவோ சித்தப்பாவோ தள்ளிவிடுவாங்க, தண்ணியைக் குடிச்சுக் கத்துக்குவோம். போர்வெல் வந்து கிணறுகள் வற்றின பிறகு அந்தப் பாடம் நின்னுபோச்சு. இப்போ கோடை லீவில் பசங்க இறங்குறது கல்குவாரிக் குட்டையில். 2021-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கு. அதனால் இதை ஆடம்பரம் என்று நான் தள்ளமாட்டேன். ஆனா பணம் அனுப்பும் முன்னாடி கணக்கைப் பார்க்கணும். வீடியோவில் இத்தனை எண்ணை அடுக்கினா பாதியில் போயிடுவீங்க, அதனால் எழுதுறேன்.

முதலில் தண்ணீர். 25 மீட்டர் நீளம், 12.5 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.35 மீட்டர் என்றால் குளம் கொள்வது சுமார் 4.2 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 35 லோடு. நகரங்களில் ஒரு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் அளவுகோல். அப்படிப் பார்த்தா இது 3,100 பேரின் ஒரு நாள் தண்ணீர். சீவலப்பேரியிலிருந்து குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணியை நம்பியிருக்கிற ஊரில், இந்தக் கேள்வியை யாராவது கேட்காம விடமாட்டாங்க. நல்ல வடிகட்டி இருந்தா அதே தண்ணியைத் திரும்பத் திரும்ப ஓட்டலாம், அது உண்மை. ஆனா நம்ம வெயிலுக்கு நாளைக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகுது என்று வைத்தாலே தினம் 1,900 லிட்டர் போகும். மாசத்துக்கு ஐந்து லாரி. வடிகட்டியைக் கழுவுற தண்ணி தனி.

அடுத்தது மண். கரிசல் மண் ஈரத்தில் உப்பும், காய்ந்தா சுருங்கி வெடிக்கும். அதில் வீடு கட்டி, மூணாவது வருஷமே சுவரில் விரிசல் பார்த்தவங்க உங்க தெருவிலேயே இருப்பாங்க. குளத்தில் விரிசல் விட்டா போறது காசு கொடுத்து வாங்கின தண்ணி. தோண்டி, சரளை நிரப்பி, அப்புறம் கான்கிரீட் என்று பொறியாளர் சொல்லுவார். 75 லட்சம் போதுமா என்று அவரிடம் எழுத்தில் வாங்கச் சொல்லுங்க.

இப்போ நிஜமான பிரச்சினைக்கு வர்றேன். கட்டுற செலவு ஒரு தடவை. நடத்துற செலவு மாசாமாசம். ஒரு உதாரணக் கணக்கு: இரண்டு உயிர்காப்பாளர், ஒரு பம்ப் ஆபரேட்டர், ஒரு துப்புரவாளர் சேர்த்து சம்பளம் 65,000. கரண்ட் 25,000. குளோரின், மற்ற ரசாயனங்கள் 15,000. தண்ணி 10,000. இன்சூரன்ஸ், கணக்கு வழக்கு 10,000. மோட்டார் எரிஞ்சாலோ டைல்ஸ் பெயர்ந்தாலோ என்று ஒதுக்கி வைக்க 25,000. மொத்தம் மாசம் 1.5 லட்சம். 300 பேர் தலைக்கு 500 கொடுத்தா சரியா இருக்கும்.

ஆனா அந்த 300 பேரில் நீங்களும் ஒருத்தர். நீங்க இருப்பது பெங்களூருவில். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் குளிக்கிற குளத்துக்கு மாசம் 500 எத்தனை வருஷம் கட்டுவீங்க? பாதிப் பேர் வெளியூர் என்றால் ஊரில் இருக்கிற 150 பேர் தலையில் ஆளுக்கு 1,000 விழும். அதில் பாதிப் பேர் மழைக்காலத்தில் நிறுத்துவாங்க. சம்பளம் கொடுக்க முடியாம உயிர்காப்பாளரை நிறுத்தின குளம், குவாரியை விட ஆபத்து.

இதை நம்ம பக்கத்து ஆட்கள் முன்னாடியே புரிஞ்சு வச்சிருந்தாங்க. வடக்கே ஒரு மணி நேர பஸ் தூரம், விருதுநகர். அங்கே நாடார் உறவின்முறை வியாபாரத்தில் மகமை என்று சிறு பங்கை எடுத்து வச்சு, அந்தப் பணத்தில் 1889-ல் சத்திரிய வித்தியாசாலாவைத் தொடங்கினாங்க. காமராஜர் படிச்ச பள்ளி. வீட்டுக்கு வீடு பிடி அரிசியும் சேகரிச்சாங்க. பெரிய மனுஷன் ஒருத்தர் ஒரே தடவை கொடுத்துட்டுப் போற நன்கொடையை நம்பாம, யாருக்கும் வலிக்காத சின்னத் தொகை நிற்காம வந்துக்கிட்டே இருக்கிற ஏற்பாடு அது. அதனால் குழுவில் முதலில் கேட்க வேண்டியது 25,000 பற்றி இல்லை, "மாசம் 500 கட்ட எத்தனை உள்ளூர் வீடு கையெழுத்துப் போட்டிருக்கு?" என்பதுதான்.

அந்த "பங்கு" என்ற சொல்லையும் பிரிச்சுப் பார்க்கணும்.

தனி ஆளின் யூபிஐக்குப் போற பணம் பங்கே இல்லை. சட்டப்படி அது அவர் கையில் இருக்கிற பணம். நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆனா வாரிசுகளிடம்தான் நீங்க பேசணும். "மூணு வருஷத்தில் திருப்பித் தர்றோம், வட்டியும் உண்டு" என்று சேர்த்துச் சொன்னா இன்னும் மோசம். ஒழுங்குமுறைக்குள் வராத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்கிற 2019-ம் வருஷச் சட்டம் இருக்கு, சிறைத் தண்டனை வரை போகும். நல்லெண்ணத்தில் ஆரம்பிச்ச நண்பன்தான் மாட்டுவான்.

டிரஸ்ட் என்றால் சொத்து டிரஸ்டிகள் கையில். பணம் கொடுத்த உங்களுக்கு ஓட்டு இல்லை. 80ஜி பதிவு இருந்தா பழைய வரிமுறையில் கொடுத்ததில் பாதிக்குக் கழிவு கிடைக்கும். புதிய வரிமுறையில் இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் கிடையாது, உங்களில் நிறைய பேர் அதில்தான் இருக்கீங்க. பணமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கழிவு இல்லை. இன்னொண்ணு: 25,000-க்குப் பதிலா ஆயுள் உறுப்பினர் கார்டு வாங்கினா அது நன்கொடை இல்லை, கட்டணம். இரண்டையும் ஒரே ரசீதில் போடச் சொல்லாதீங்க.

1975-ம் வருஷத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தா சங்கம் பதியலாம். ஆளுக்கு ஒரு ஓட்டு, வருஷா வருஷம் பொதுக்குழு, கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்கணும். லாபத்தைப் பிரிச்சுக்க முடியாது. பிரிவு 8 கம்பெனியிலும் டிவிடெண்ட் கிடையாது, தணிக்கை கட்டாயம், செலவு கூட. கூட்டுறவுச் சங்கத்தில் நிஜமாகவே பங்கு உண்டு, ஆனா அரசாங்கத்தின் கை உள்ளே நீளமா வரும். இந்த அளவு வேலைக்கு சங்கம் போதும் என்பது என் கருத்து.

இங்கிலாந்தில் பென்சான்ஸ் என்ற கடலோர ஊரில் 1935-ல் திறந்த ஜூபிலி குளம் 2014 புயலில் சேதமாச்சு. அதை நடத்துகிற சமூக அமைப்பு பங்கு வெளியிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்களிடம் 5 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டியது. எவ்வளவு போட்டாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான், பங்கைச் சந்தையில் விற்க முடியாது. அந்த ஊர்க்காரங்களும் லாபத்துக்காகப் போடலை.

வரி பற்றிக் கொஞ்சம். உறுப்பினர்கள் தங்களுக்குள் கட்டுற சந்தாவுக்குப் பொதுவா வருமான வரி வராது. ஒதுக்கி வச்ச பணத்தின் எஃப்டி வட்டிக்கு வரும், 2013-ல் பெங்களூர் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. சேவைகளுக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு வருஷம் 20 லட்சம். நம்ம கணக்கில் சந்தாவே 18 லட்சம். கோடைப் பயிற்சி முகாம் ஒண்ணு போட்டா தாண்டிடும். அதை முதல் வருஷமே கணக்கில் வச்சு கட்டணம் போடணும்.

கடைசியா, யாருக்கு இந்தக் குளம்? மகமைப் பணம் ஒரு சமூகத்துக்குள் சேர்ந்த பணம். அந்தக் காலத்தில் நம்ம பக்கக் கிணறுகளில் யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்பது உங்க தாத்தாவுக்குத் தெரியும். ஊர்ப் பொதுவுக்கு என்று விட்ட குளத்திலும் படித்துறையிலும் சாதி சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியல் சாசனம் 15(2) சொல்லுது. குறிப்பிட்ட ஒரு சாதிக்கு மட்டும் பயன்படுகிற டிரஸ்டுக்கு 80ஜி-யும் கிடையாது. "உறுப்பினர் அறிமுகம் செய்தால் மட்டும் அனுமதி" என்று விதிமுறையில் ஒரு வரி சும்மா உட்கார்ந்திருக்கும். வேலியை அங்கேதான் போடுவாங்க. அதை எடுக்கச் சொல்லுங்க, நாள் டிக்கெட் வைக்கச் சொல்லுங்க.

நகராட்சி இடத்தில் அரசோடு சேர்ந்து கட்ட நமக்கு நாமே திட்டம் என்ற வழியும் இருக்கு. மக்கள் பங்கு மூன்றில் ஒன்று, மீதி அரசு. நீச்சல் குளத்தை ஏத்துக்குவாங்களா என்று நகராட்சி ஆணையரிடம் கேட்டுடலாம். அப்படிக் கட்டினா சொத்து நகராட்சியோடது, சங்கத்தோடது இல்லை. ஆனா தண்ணி இணைப்புக்கும் இடத்துக்கும் அலைய வேண்டாம்.

தனியார் இடம் என்றால் பத்திரம் யார் பேரில் என்று பாருங்க. "அண்ணாச்சி இடம் கொடுக்கிறார்" என்பது வாய் வார்த்தை. ஒரு வருஷத்துக்கு மேல் போற குத்தகையைப் பதிவு செஞ்சே ஆகணும். 30 வருஷக் குத்தகைப் பத்திரம், சங்கத்தின் பதிவு எண், சங்கத்தின் பேரில் இரண்டு பேர் கையெழுத்து வேண்டிய பேங்க் கணக்கு, மாசச் சந்தாவுக்குக் கையெழுத்துப் போட்ட வீடுகளின் பட்டியல். இந்த நாலும் குழுவில் வந்த அன்னைக்கு உங்க 25,000-ஐ அனுப்புங்க. அது திரும்பி வராது என்று நினைச்சே அனுப்புங்க.