உலையில் தொடங்கும் குப்பை

ஈப்போவில் வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டவர்களுக்கு இது தெரிந்த காட்சி. உட்கார்ந்ததும் இலை விழும், வாய் திறப்பதற்குள் சோறு குவியும். “கொஞ்சமா வைங்கண்ணே” என்று நாம் சொல்லி முடிக்கும்போது வாளி அடுத்த மேசைக்குப் போயிருக்கும். பாதிச் சோற்றோடு மடித்த இலை பின்கட்டுத் தொட்டிக்குப் போய்ச் சேரும்.

அந்தத் தொட்டியை மூன்றாகப் பிரித்து வைத்துப் பாருங்கள் என்று கடைக்காரர்களிடம் சொல்வேன். ஒன்றில் காய்கறித் தோலும் காம்பும். இரண்டாவதில் சமைத்தும் பரிமாறாமல் மிஞ்சியது. மூன்றாவதில் இலையில் விட்டுப் போனது. ஒரு வாரம் தினமும் நிறுத்துப் பார்த்தால் போதும், கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். இரண்டாவது தொட்டி கனத்தால் உலையில் அரிசி அதிகம். மூன்றாவது கனத்தால் கரண்டி பெரிது. முதலில் கொஞ்சம் வைத்து, கேட்டால் மறுபடி போடலாம். நாளுக்கு 10 கிலோ சோறு வீணாகிறது என்று வையுங்கள். அது ஏறத்தாழ 4 கிலோ அரிசி. உள்ளூர் அரிசியின் கட்டுப்பாட்டு விலையான கிலோ 2 வெள்ளி 60 காசில் கணக்கிட்டாலும் 300 நாளில் 3,000 வெள்ளிக்கு மேல். கேஸும் ஆள் கூலியும் தனி.

ஆனால் கடைக்காரரை மட்டும் திட்டிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. உலகம் முழுக்க 2022இல் வீணான உணவு 105 கோடி டன் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை. அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது.

தோட்டத்து லயங்களில் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. அரிசி அளந்துதான் வரும், அளந்துதான் உலைக்குப் போகும். இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால், விடியுமுன் பால்வெட்டுக்குப் போகிறவருக்கு அதுவே பசியாற. கழுநீர் மாட்டுக்கு, மிச்சம் மீதி கோழிக்கு. வறுமையைப் புகழ நான் வரவில்லை. அந்த அளவு மட்டும் நமக்குக் கைகொடுக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தாமான்களாகிவிட்டன. மாடும் கோழியும் போய், ஐஸ் பெட்டி வந்தது. அதன் மேல்தட்டின் கடைசியில் கிடக்கும் மூன்று நாள் குழம்பு யார் கண்ணிலும் படுவதில்லை. பழையதை முன்னால் வையுங்கள், அதைத் தீர்த்துவிட்டுச் சந்தைக்குப் போங்கள்.

சோற்று விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. நம் ஊர் வெக்கையில் ஆக்கிய சோற்றை மணிக்கணக்கில் வெளியே விட்டால் அதில் ஒருவகை நச்சு உண்டாகலாம். திரும்பச் சூடாக்கினாலும் அது போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஐஸ் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

தோலையும் காம்பையும் ஓட்டை போட்ட வாளியில் காய்ந்த இலையோடு மாற்றி மாற்றி அடுக்கினால் சில மாதங்களில் கறிவேப்பிலைச் செடிக்கு உரம் தயார். பச்சைக் கழிவு ஒரு பங்கென்றால் காய்ந்த இலை இரண்டு மூன்று பங்கு. நாற்றம் வந்தால் இலை போதவில்லை என்று அர்த்தம். ரப்பர் மரம் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச்சில் ஒரு சாக்கு நிறையச் சேர்த்து வைப்பவர் கெட்டிக்காரர்.

மிஞ்சிய நல்ல உணவைக் கொடுக்கலாமே என்றால், “யாருக்காவது வயிற்றுக்கு ஆகாமல் போனால் என் தலையில் விடியும்” என்பார்கள் கடைக்காரர்கள். அந்தப் பயத்துக்காகவே வந்தது 2020ஆம் ஆண்டு உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம். பாதுகாப்பான உணவை நல்ல மனத்தோடு கொடுத்தவருக்கு அது காப்பு. அலட்சியமாகக் கெட்டதைக் கொடுத்தவர் அதன் பின்னால் ஒளிய முடியாது.

கல்லுமலைத் தைப்பூசத்திலும் மண்டபக் கல்யாணத்திலும் இதே அளவுப் பிரச்சினைதான். அடுத்த முறை அழைப்பு வந்தால், வருகிறீர்களா, எத்தனை பேர் என்று வீட்டாருக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்பிவிடுங்கள். சமையல்காரர் அதை வைத்துத்தான் அரிசி போடுவார்.