திரும்பி வந்த பார்சல்! பணத்தைக் காப்பாற்றுவது எப்படி?

மும்பை தாராவியில் சயான்-பாந்திரா லிங்க் ரோட்டில் தோல் பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. முன்பெல்லாம் ஒரு பர்ஸ் வாங்க வேண்டுமானால் ஆட்கள் அங்கே வரவேண்டும். இப்போது பின்புறச் சந்தில் தைத்த பர்ஸ், செல்போன் வழியாக விலைபோய் கவுகாத்திக்கும் போகிறது, கொச்சிக்கும் போகிறது.

கடை வாடகை இல்லை. பகடி கொடுக்க வேண்டியதில்லை. பகலில் ஆபீசில் கணக்கு எழுதிவிட்டு, இரவில் வீட்டில் பார்சல் கட்டுகிறவர்களும் உண்டு.

ஆனால் கடையில் என்றால் வாடிக்கையாளர் எதிரே நிற்பார். சண்டையோ சமாதானமோ அங்கேயே முடிந்துவிடும். ஆன்லைனில் அவர் முகமே தெரியாது. தகராறு வந்தால், நடுவில் இருக்கும் கம்பெனி ஆதாரத்தைத்தான் கேட்கும். ஆதாரம் இல்லாதவர் பணத்தை இழக்கிறார்.

ஒரு பர்சின் கணக்கு

உதாரணமாக, ஒரு பர்ஸ் 600 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தோல், கூலி 380 ரூபாய். கம்பெனி கமிஷன், கூரியர் செலவு 140 ரூபாய். கையில் நிற்பது 80 ரூபாய்.

இந்தப் பர்ஸ் போய், அதற்குப் பதில் ஒரு கிழிந்த பழைய பர்ஸ் திரும்பி வருகிறது. பொருள் 380 போயிற்று. போக வர கூரியர் செலவு 100 என்றால், மொத்த நஷ்டம் 480 ரூபாய். ஆறு பர்ஸ் விற்ற லாபம் ஒரே பார்சலில் போய்விட்டது! மாதத்தில் நாலு பார்சல் இப்படி வந்தால், ஊருக்கு மணியார்டர் போல் மாதாமாதம் அனுப்பும் பணத்தில்தான் கைவைக்க வேண்டும்.

மூன்று வகை

திரும்பி வரும் பார்சலில் மூன்று வகை உண்டு.

முதல் வகை, வாங்காமலே திரும்பி வருவது. வீடு பூட்டியிருக்கும், அல்லது பொருள் வந்தபின் பணம் தருகிறேன் என்றவர் மனம் மாறியிருப்பார். இதை வியாபாரிகள் ஆர்.டி.ஓ. என்கிறார்கள். மோட்டார் வண்டி ஆபீசுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை!

இரண்டாவது, "பொருள் சரியில்லை, படத்தில் பார்த்தது வேறு" என்று திருப்பி அனுப்புவது.

மூன்றாவது, அனுப்பியது ஒன்று, திரும்பி வந்தது வேறொன்று. இதுதான் மோசடி.

மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல. கோபத்தில் எல்லோரையும் மோசடிக்காரர் என்று எழுதுவதால்தான் பலருடைய நியாயமான புகாரும் தோற்றுப்போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2020-ம் ஆண்டு ஜூலை மாதம் மத்திய அரசு மின்வணிக விதிகளைக் கொண்டுவந்தது. அதன்படி, பொருள் பழுதாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ விற்பவர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. பணத்தைக் கொடுக்கவும் மறுக்கக் கூடாது. சொன்ன காலத்தில் போய்ச் சேராத பொருளுக்கும் பொதுவாக இதே விதிதான்.

வாங்கியவரின் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இதற்கு ஒரு குறைதீர் அதிகாரியை நியமிக்கவேண்டும் என்கிறது விதி. ஒரே ஆள் நடத்தும் வியாபாரத்தில் அந்த வேலையும் அவர் தலையில்தான்.

"600 ரூபாய்க்கு யார் வழக்குப் போடப்போகிறார்கள்?" என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கு மனுக் கட்டணமும் கிடையாது. தாராவியில் இருப்பவர் கவுகாத்திக்குப் பதில் சொல்ல வேண்டி வரலாம்!

ஆகவே ரெக்சினில் தைத்ததை "அசல் தோல்" என்று எழுதக் கூடாது. நீள அகலத்தை சென்டிமீட்டரில் எழுத வேண்டும். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுக்க வேண்டும். தப்பு தம்முடையது என்றால் உடனே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே லாபம்.

பொருளில் குறை இல்லை, மனம் மாறிவிட்டது என்று திருப்பி அனுப்புவது வேறு. அது கம்பெனியின் சொந்த விதியைப் பொறுத்தது. எந்தப் பொருளுக்கு எத்தனை நாள் கெடு என்பதை விற்பனைக்கு வைக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

செல்போனே சாட்சி

மோசடியில் இருந்து தப்ப ஒரே வழி, பார்சல் கட்டும்போதே சாட்சி தயாரிப்பதுதான்.

செல்போனை ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி வீடியோ எடுக்க வேண்டும். முதலில் பொருளை முன்னும் பின்னும் காட்ட வேண்டும். சீரியல் நம்பர் இருந்தால் அதையும் காட்ட வேண்டும். பிறகு பெட்டியில் வைத்து, டேப் ஒட்டி, ஆர்டர் நம்பர் உள்ள சீட்டை ஒட்டி, தராசில் வைத்து எடையையும் காட்ட வேண்டும். நடுவில் வெட்டு இருக்கக் கூடாது. விலை கூடின பொருளுக்கு இது அவசியம்.

திரும்பி வந்த பார்சலைத் திறக்கும்போதும் இப்படியே செய்ய வேண்டும். திறக்கும் முன் ஆறு பக்கத்தையும், ஒட்டியுள்ள சீட்டையும் காட்ட வேண்டும். டேப் பிரிந்திருந்தால், கொண்டுவந்த பையன் முன்னாலேயே படம் எடுத்துக்கொள்ள வேண்டும். திறந்து பார்த்துவிட்டுப் பிறகு எடுக்கும் வீடியோவுக்கு மதிப்பில்லை.

அன்றைக்கே புகார்

புகார் கொடுக்க ஒவ்வொரு கம்பெனியும் ஒரு கெடு வைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று பார்சலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டால் கெடு போய்விடும். அமேசானில் நஷ்டஈடு கேட்கும் மனுவுக்கு "சேஃப்-டி கிளெய்ம்" என்று பெயர். மற்ற கம்பெனிகளிலும் விற்பவர் பக்கத்தில் இதற்கு இடம் இருக்கிறது.

மனுவில் கதை வேண்டாம். ஆர்டர் நம்பர், அனுப்பிய தேதி, அனுப்பியது என்ன, வந்தது என்ன, கேட்கும் தொகை எவ்வளவு, இவ்வளவு போதும். மனுவைத் தள்ளிவிட்டால், அந்த நம்பரைக் குறிப்பிட்டே மேல்முறையீடு செய்ய வேண்டும். அதற்கும் மேலே போவதாக இருந்தால், கம்பெனியுடன் செய்த ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். தகராறு எந்த ஊரில், எந்த முறையில் தீர்க்கப்படும் என்பது அதில் இருக்கும்.

வாங்கியவரை டெலிபோனில் அழைத்துத் திட்டுவது கூடாது. பணம் தருகிறேன், மோசமாக எழுதியதை எடுத்துவிடுங்கள் என்று பேரம் பேசுவதும் கூடாது. விற்பவரின் கணக்கையே மூடிவிடுவார்கள்.

பழைய சாமான் விற்பவர்களுக்கு

மாற்றலாகிப் போகும்போது கட்டில், மின்விசிறி, சைக்கிள் ஆகியவற்றை ஆன்லைனில் விளம்பரம் செய்து விற்பவர்கள் பலர். இங்கே பெரும்பாலும் நடுவில் கம்பெனி வராது. வாங்குபவரை நேரில் வரச்சொல்லி, ஓட்டிப் பார்க்கச் சொல்லி, பழுது இருந்தால் அப்போதே சொல்லிவிட வேண்டும். இரண்டு வரி ரசீது எழுதிக் கையெழுத்து வாங்கினால் பின்னால் பேச்சு வராது.

"நான் ராணுவத்தில் இருக்கிறேன், கியூ.ஆர். படம் அனுப்புகிறேன், ஸ்கேன் செய்தால் பணம் வரும்" என்று ஒருவர் சொன்னால் உஷார்! பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை. எண்ணைப் போட்டால் பணம் போகும், வராது. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். சீக்கிரம் சொன்னால்தான் பணம் கை மாறுவதற்கு முன் நிறுத்த வழி இருக்கிறது.

ஒரு பார்சலுக்கு இரண்டு நிமிட வீடியோ. பத்துப் பார்சலுக்கு இருபது நிமிடம். இரவில் தூக்கம் கண்ணைச் சுற்றும் நேரத்தில் இது பெரிய வேலையாகத்தான் தோன்றும். ஆனால் ஆறு பர்ஸ் தைக்க ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால், இது ஒன்றுமே இல்லை.