ஆடுகளத்தில் மனம்: விளையாட்டு உளவியலும் பயிற்றுநரின் சொல்லும்

ஜெலுத்தோங்கில் கூடியுள்ள இவ்வவையில் விளையாட்டைப் பற்றிப் பேசுவது பொருத்தமே. இங்கிருந்து சிறிது தொலைவில், புக்கிட் டும்பாரில், நிக்கோல் டேவிட்டின் பெயர் தாங்கிய சுவர்ப்பந்து அரங்கம் உள்ளது. 1983ஆம் ஆண்டு பினாங்கில் பிறந்த அவர், ஸ்குவாஷ் எனப்படும் சுவர்ப்பந்தில் உலக வாகையர் பட்டத்தை எட்டு முறை வென்றவர். 2006 ஆகஸ்டு தொடங்கி 108 மாதங்கள் இடையறாது உலகத் தரவரிசையின் முதலிடத்தில் இருந்தவர்.

அவருடைய விளையாட்டு வாழ்வில் 2014ஆம் ஆண்டு நிகழ்ந்த இரண்டு போட்டிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2013ஆம் ஆண்டுக்குரிய உலக வாகையர் போட்டி, 2014 மார்ச்சில் பினாங்கிலேயே நடைபெற்றது. சொந்த ஊர் மக்கள் சூழ்ந்திருக்க, அரையிறுதியில் எகிப்தின் இளம் வீராங்கனை நூர் எல் ஷெர்பினியிடம் நிக்கோல் தோற்றார். அதே ஆண்டு டிசம்பரில், எகிப்தின் தலைநகரான கெய்ரோவில் அடுத்த உலகப் போட்டி நடந்தது. இறுதியாட்டத்தில் எகிப்தின் ரனீம் எல் வெலிலி நான்கு முறை பட்டத்திற்கு ஒரே ஒரு புள்ளி தொலைவில் நின்றார். அந்த நான்கு வாய்ப்புகளையும் தடுத்த நிக்கோல், ஐந்தாம் ஆட்டத்தையும் வென்று எட்டாம் பட்டத்தைப் பெற்றார்.

இவ்விரு முடிவுகளுக்கும் மனமே காரணம் என்பது மிகையாகும். எதிராளியின் திறனும் அன்றைய உடல்நிலையும் தமக்குரிய பங்கை ஆற்றவே செய்கின்றன. ஆயினும், தோல்வி ஒரு புள்ளி தூரத்தில் நிற்கும் வேளையில், அடுத்த பந்தை மட்டுமே நோக்கும் ஆற்றல் ஒருவருக்கு எவ்வாறு வாய்க்கிறது? அது பிறவிக் குணமா, பயிற்சியால் பெறுவதா? விளையாட்டு உளவியல் ஆராயும் அடிப்படை வினா இதுவே.

தமிழ் மரபுக்கு இவ்வினா புதிதன்று. ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்துள்ளது திருக்குறள். ‘உடைமை’ என்னும் சொல்லே கருதத்தக்கது. உடைமை தேடிச் சேர்க்கப்படுவது, பேணாவிடில் குறைந்துபோவது. மனவுறுதியையும் அவ்வாறே தேடிச் சேர்க்கலாம் என்பதே இன்றைய விளையாட்டு உளவியலின் நிலைப்பாடு.

துறையின் தோற்றம்

மிதிவண்டி வீரர்கள் தனித்து ஓட்டும்போதைவிடப் பிறரோடு போட்டியிடும்போது விரைவாக ஓட்டுவதை அமெரிக்க ஆய்வாளர் நார்மன் டிரிப்ளெட் கவனித்து, 1898இல் எழுதினார். இத்துறையின் முதல் ஆய்வுகளுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. 1925இல் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் கோல்மன் கிரிஃபித் விளையாட்டு ஆய்வகம் ஒன்றை நிறுவினார்; மறு ஆண்டே பயிற்றுநர்களுக்கான உளவியல் நூலையும் வெளியிட்டார். 1938இல் சிக்காகோ கப்ஸ் என்னும் பேஸ்பால் அணியின் உரிமையாளர் அவரைப் பணிக்கு அழைத்தார். ஆனால் அணியின் மேலாளர் அவருக்கு ஒத்துழைக்கவில்லை. கிரிஃபித் திரட்டிய அறிக்கைகள் ஆட்டக்காரர்களுக்குப் பெரிதும் பயன்படாமலே போயின.

அன்று கிடைத்த பாடம் இன்றும் பொருந்துகிறது. உளவியல் வல்லுநர் வாரத்தில் ஒரு மணி நேரம் ஆட்டக்காரரோடு பேசுவார். பயிற்றுநரோ நாள்தோறும் அவரோடு இருக்கிறார். வல்லுநர் கற்பித்ததைப் பயிற்றுநரின் ஒரே ஒரு கடுஞ்சொல் கலைத்துவிடக்கூடும். எனவே விளையாட்டு உளவியலைச் செயல்படுத்துவோர் ஆட்டக்காரரோடு மட்டுமன்றிப் பயிற்றுநரோடும் இணைந்தே பணியாற்ற வேண்டியுள்ளது.

நெருக்கடியில் நிகழ்வது

நன்கு பழகிய ஒருவர் முக்கியமான தருணத்தில் தடுமாறுவதை நாம் கண்டிருக்கிறோம். இதற்கு ஆய்வாளர்கள் இரண்டு விளக்கங்களைத் தருகின்றனர். ஒன்று, கவனச்சிதறல்: ‘தோற்றால் என்ன சொல்வார்கள்’ என்னும் கவலை, ஆட்டத்திற்கு வேண்டிய கவனத்தைத் தின்றுவிடுகிறது. மற்றொன்று, மிகைக் கண்காணிப்பு: தானாக இயங்கப் பழகிய உடலை மனம் அடிக்கு அடி மேற்பார்வையிடத் தொடங்குகிறது. படிக்கட்டில் இயல்பாக இறங்குபவர் ஒவ்வோர் அடியையும் எண்ணி வைக்கத் தொடங்கினால் கால் இடறும் அல்லவா? பூப்பந்தில் ஆயிரம் முறை சரியாகத் தொடக்கப் பந்து அடித்த மாணவர், கடைசிப் புள்ளியில் மணிக்கட்டை எப்படித் திருப்புவது என்று யோசித்தால் அந்நிலையே நேர்கிறது.

பதற்றம் முழுவதும் பகையன்று. இதயத் துடிப்பு கூடுவதும் உள்ளங்கை வியர்ப்பதும் உடல் ஆயத்தமாவதன் அறிகுறிகளே. அவ்வறிகுறிகளை ‘பயந்துவிட்டேன்’ எனப் பொருள்கொள்வதா, ‘ஆயத்தமாகிவிட்டேன்’ எனப் பொருள்கொள்வதா என்பதில்தான் வேறுபாடு எழுகிறது.

உளப்பயிற்சியின் கருவிகள்

செயல்முறையில் பெரிதும் பயன்படும் கருவிகள் சிலவே.

முதலாவது, இலக்கு வகுத்தல். நூறு மீட்டர் ஓடும் மாணவிக்கு மூன்று வகை இலக்குகள் அமையலாம். ‘மாவட்ட அளவில் முதலிடம்’ என்பது முடிவு இலக்கு. அது பிறருடைய ஓட்டத்தையும் பொறுத்தது. ‘என் நேரத்தை மூன்று பத்திலொரு விநாடி குறைப்பேன்’ என்பது திறன் இலக்கு. ‘முதல் சில அடிகளுக்குத் தலையைத் தாழ்த்தியே ஓடுவேன்’ என்பது செய்முறை இலக்கு. அது முற்றிலும் அவள் கையில் உள்ளது. மூன்றும் தேவைதான். ஆயினும் ஓட்டக் கோட்டில் நிற்கும்போது மனத்தில் இருக்க வேண்டியது மூன்றாவதே.

இரண்டாவது, மனக்காட்சி. கண்ணை மூடி வெற்றிக் கோப்பையைக் கற்பனை செய்வது இதுவன்று. அந்தத் திடல், அந்த வெயில், கையில் பிடித்த மட்டையின் எடை, ஆட்டத்தின் உண்மையான வேகம் ஆகிய அனைத்தும் தோன்றுமாறு ஒரு செயலை மனத்துள் நிகழ்த்திப் பார்ப்பதே மனக்காட்சி. தவறு நேர்ந்தபின் மீள்வதையும் அதில் சேர்த்துப் பழகுதல் நன்று.

மூன்றாவது, முன்னொழுங்கு. பந்தை இருமுறை தட்டுதல், ஒரு நீண்ட மூச்சு, இலக்கை ஒருமுறை நோக்குதல், பின்னர் அடித்தல் என மாறாத சிறு வரிசை ஒன்றை வைத்துக்கொள்வது இது. மூச்சை உள்ளிழுப்பதைவிட மெதுவாக வெளிவிடும்போது இதயத் துடிப்பு தணிகிறது. மனமும் அடுத்த செயலில் நிலைகொள்கிறது.

நான்காவது, உள்ளுரை. ஒவ்வொருவரும் தம்மோடு பேசிக்கொண்டே ஆடுகின்றனர். அப்பேச்சைச் சீரமைப்பதே இக்கருவியின் நோக்கம். நுணுக்கமான திறன் வேண்டும் செயல்களில், பொதுவான ஊக்கச் சொற்களைவிடச் செய்ய வேண்டியதைச் சுட்டும் சொற்கள் கூடுதலாகத் துணைபுரிகின்றன என ஆய்வுகள் காட்டுகின்றன. மொழி மன்றத்தில் இதனைத் தனித்துக் கூறுதல் தகும். நம் மாணவர் பலர் திடலில் மலாயிலும் ஆங்கிலத்திலும் அறிவுரை பெறுகின்றனர். தமக்குள்ளோ வீட்டு மொழியில் பேசிக்கொள்கின்றனர். ‘தாழ்ந்து’, ‘மெல்ல’, ‘பந்தைப் பார்’, ‘அடுத்தது’ போன்ற ஈரசை மூவசைச் சொற்களை மாணவரே தேர்ந்துகொள்ளுமாறு செய்தால், அவை நெருக்கடியிலும் நாவில் நிற்கும்.

எண்ணிப் பார்த்த ஆய்வு

பயிற்றுநரின் நடத்தை சிறுவர் மனத்தில் ஏற்படுத்தும் விளைவை அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரோனல்டு ஸ்மித்தும் ஃபிராங்க் ஸ்மோலும் 1970களில் முறையாக ஆராய்ந்தனர். சிறுவர் பேஸ்பால் அணிகளின் 51 பயிற்றுநர்களைத் திடலிலேயே கவனித்து, அவர்களுடைய 57,000க்கும் மேற்பட்ட செயல்களை வகைப்படுத்திப் பதிவு செய்தனர். நல்லாட்டத்தைப் பாராட்டுதல், தவறுக்குப்பின் ஊக்குதல், தவறைத் திருத்தக் கற்பித்தல், தண்டித்தல், கண்டும் காணாதிருத்தல் என வகைகள் அமைந்தன. பயிற்றுநர்கள் தம்மைப் பற்றிக் கூறியதைவிட, சிறுவர்கள் அவர்களைப் பற்றிக் கூறியதே பதிவுகளோடு பெரிதும் ஒத்திருந்தது. நாம் எப்படிப் பேசுகிறோம் என்பதை நம்மைவிட நம் மாணவர் நன்கு அறிவர்.

இதன் அடிப்படையில் அவர்கள் பயிற்றுநர்களுக்கான குறும்பயிற்சி ஒன்றை வகுத்தனர். அதன் சாரம் எளியது: முயற்சியைப் பாராட்டுக, தவறு நேர்ந்தவுடன் முதலில் ஊக்கம், பின்னர் திருத்தம் தருக, ஏளனமும் தண்டனையும் தவிர்க்க, வெற்றியைப் புள்ளிக் கணக்கால் மட்டும் அளவாதொழிக. 1992இல் வெளிவந்த தொடராய்வில், இப்பயிற்சி பெற்றவர்களிடம் ஆடிய சிறுவருள் 5 விழுக்காட்டினரே அடுத்த ஆண்டு விளையாட்டைக் கைவிட்டனர். பயிற்சி பெறாதவர்களிடம் ஆடியவருள் 26 விழுக்காட்டினர் விலகினர். வெற்றி தோல்விக் கணக்கிலோ இரு தரப்பு அணிகளுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதாவது, சிறுவர் திடலை விட்டுப் போனதற்குத் தோல்வி காரணமாகவில்லை.

ஒரு சொல்லின் எடை

நம் காலத்தில் அனைவரும் அறிந்த எடுத்துக்காட்டு சென்னையைச் சேர்ந்த குகேஷ். 2024 நவம்பரில் சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரனை எதிர்த்து உலகச் சதுரங்க வாகையர் போட்டியில் களமிறங்கியபோது அவருக்கு வயது 18. முதல் ஆட்டத்திலேயே தோற்றார். அறைக்குத் திரும்பும் வழியில் மின்தூக்கியில் சந்தித்த விசுவநாதன் ஆனந்த், தமக்கு அப்போது பதினோர் ஆட்டங்களே எஞ்சியிருந்தன, உனக்கோ பதின்மூன்று உள்ளன என்ற பொருள்படக் கூறியதாகக் குகேஷ் பின்னர் நினைவுகூர்ந்தார். 2010இல் பல்கேரியாவின் சோபியா நகரில், டோபலோவுக்கு எதிரான 12 ஆட்டத் தொடரில் ஆனந்தும் முதல் ஆட்டத்தில் தோற்றுப் பின்னர் பட்டத்தைத் தக்கவைத்தவர்.

அச்சொல்லில் புகழ்ச்சி இல்லை. பொய்யான ஆறுதலும் இல்லை. தோல்வி நிகழவில்லை என்று அது மறைக்கவில்லை. இழந்ததை எண்ணிய மனத்தை எஞ்சியதை எண்ணுமாறு திருப்பியது. ‘இதைக் கடந்தவர் ஒருவர் உன் முன் நிற்கிறார்’ என்பதையும் உணர்த்தியது. குகேஷ் மூன்றாம் ஆட்டத்தில் வென்று சமன் செய்தார். பன்னிரண்டாம் ஆட்டத்தில் மீண்டும் தோற்றார். பதினான்காம் ஆட்டத்தில் வென்று வாகை சூடினார். அத்தொடருக்கு முன்னரே தென்னாப்பிரிக்காவின் பேடி அப்டன் அவருக்கு உளப்பயிற்சி அளித்திருந்தார். 2011இல் உலகக் கோப்பையை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியோடு பணியாற்றியவரும் அவரே. நீண்ட நாள் ஆயத்தம் ஒருபுறமும், தக்க வேளையில் வந்த சிறு சொல் மறுபுறமும் இணைந்தே பயன் தந்தன எனலாம்.

காயம் அடைந்த காலம்

ஆட முடியாத நாள்களிலும் பயிற்றுநரின் பணி தொடர்கிறது. மலேசியச் சுவர்ப்பந்து வீராங்கனை எஸ். சிவசங்கரி 2022 ஜூனில் சாலை விபத்தில் கடுங்காயமுற்றார். அவ்வாண்டு பர்மிங்ஹாமில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில் பங்கேற்க இயலவில்லை. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பெண்கள் ஒற்றையர் தங்கத்தை வென்றார். 2024இல் இலண்டனில் நடந்த போட்டியின் இறுதியில் எகிப்தின் ஹனியா எல் ஹம்மாமியையும் வென்றார்.

காயமுற்றவர் உடல்வலியோடு அணியிலிருந்து பிரிந்த தனிமையையும் சுமக்கிறார். ‘ஆட்டக்காரர்’ என்பதே தம் முழு அடையாளம் என எண்ணியிருந்தவர்க்கு இத்தனிமை மிகக் கொடிது. எனவே குணமடையும் காலத்திற்கும் சிறு சிறு இலக்குகளை வகுத்தல், பயிற்சி நேரத்தில் ஏதேனும் ஒரு பொறுப்பை அளித்து அணியோடு இணைத்து வைத்தல், மருத்துவர் ஒப்புதலின்றி ஆட அழைக்காதிருத்தல் ஆகியன பயிற்றுநரின் கடமைகளாகின்றன.

துறையின் எல்லைகள்

உளப்பயிற்சி உடற்பயிற்சிக்கு மாற்றாகாது. பழகாத திறனை மனக்காட்சி தந்துவிடாது. போட்டிக்கு முதல்நாள் நடத்தும் ஊக்கவுரையும் உளப்பயிற்சி ஆகாது. மாதக்கணக்கில் சிறிது சிறிதாகப் பழகியதே நெருக்கடியில் துணைநிற்கும்.

மாணவர் கூறும் அந்தரங்கத்தைக் காப்பது இப்பணியின் முதல் அறம். வல்லுநரிடம் சொன்னது பயிற்றுநருக்குத் தெரிந்து, அதனால் அணித் தேர்வு மாறும் எனில், பிறகு எவரும் வாய் திறவார். தொடர்ந்த உறக்கமின்மை, உணவை வெறுத்தல், தன்னைத் துன்புறுத்தும் எண்ணம் ஆகியவை தென்பட்டால், அது ஆட்டத்திறன் சார்ந்த சிக்கல் அன்று. பெற்றோருக்குத் தெரிவித்து, பள்ளி ஆலோசக ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் உடனே வழிப்படுத்த வேண்டும்.

பள்ளித் திடலில்

நம் தமிழ்ப்பள்ளிகளில் தனிப் பயிற்றுநர் இருப்பது அரிது. மொழியும் கணிதமும் கற்பிக்கும் ஆசிரியரே மாலையில் திடல்தடப் பயிற்சியும் அளிக்கிறார். உளவியல் வல்லுநரை அமர்த்தும் வசதி நமக்கு இல்லை என்று அவர் வருந்த வேண்டியதில்லை. மேற்கூறிய ஆய்வில் மாற்றத்தை விளைவித்தவர்களும் சிறுவர் அணிகளின் பயிற்றுநர்களே.

ஆசிரியர்கள் ஒரு பருவத்திற்கு இதனைச் செய்து பார்க்கலாம். பயிற்சியின்போது தாம் கூறும் சொற்களைச் சக ஆசிரியர் ஒருவரைக் கொண்டு அரை மணி நேரம் குறிக்கச் செய்யலாம்: பாராட்டு எத்தனை, திருத்தம் எத்தனை, கண்டிப்பு எத்தனை, பெயரே அழைக்கப்படாத மாணவர் எத்தனை பேர் என்று. தவறு செய்த மாணவரிடம் ‘ஏன் இப்படிச் செய்தாய்?’ என்பதற்கு மாறாக ‘அடுத்த முறை எதை மாற்றுவாய்?’ என்று கேட்கலாம். முன்னது விளக்கம் சொல்லவும் அழவும் வைக்கும். பின்னது சிந்திக்க வைக்கும்.

மாணவர்களும் ஒன்றை நினைவிற்கொள்ளலாம். பிறர் உங்களிடம் பேசுவதைவிட மிகுதியாக நீங்களே உங்களிடம் பேசுகிறீர்கள். உற்ற தோழர் ஒருவர் தவறியபோது நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதையே உங்களுக்கும் சொல்லப் பழகுங்கள். தேர்வறைக்கும் இது பொருந்தும்.

பள்ளித் திடலில் ஓடும் சிறாருள் மிகச் சிலரே நாட்டைப் பேராளராக எட்டுவர். ஏனையோர்க்கு விளையாட்டு தரக்கூடியது நலமான உடலும், தோற்றபின் எழும் பழக்கமும் ஆகும். அவ்விரண்டையும் அவர்கள் பெற வேண்டுமெனில், முதலில் அடுத்த ஆண்டும் அவர்கள் திடலுக்கு வர வேண்டும். அவர்கள் வருவதும் வராமற் போவதும் பெரும்பாலும் ஆசிரியர் நாவில் உள்ளது.